ஒரே வீட்டில் மூன்று பெண்ணியம்: தலைமுறை வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் ஆவணங்களில் ஒன்றுக்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். குடும்பச் சொத்தில் தனக்குள்ள பங்கை இன்னொரு பங்காளிக்கு விட்டுக்கொடுப்பவர் எழுதித் தருவது அது. அப்பா காலமான பிறகு அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகளுக்காக இதில் கையெழுத்துப் போடுவது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இன்றும் நடக்கிற சாதாரணக் காரியம். ஐம்பதைத் தொட்ட ஒரு அம்மா அப்படிப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது வயது மகள், “சட்டப்படி உனக்கும் சமபங்கு இருக்கே, ஏம்மா விட்டுக்கொடுத்தே?” என்று கேட்கிறாள். “பங்கை வாங்கிட்டா அப்புறம் எந்த முகத்தோட அந்த வாசப்படி ஏறுவேன்? உனக்குத் தாய்மாமன் சீர் யாரு செய்வா?” என்கிறார் அம்மா. திண்ணையில் இருக்கும் பாட்டி, “எங்கிட்ட கையெழுத்துக்கூட யாரும் கேக்கலையே” என்கிறார்.

மூவரும் பெண்ணுக்கு நியாயம் வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். நியாயம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள். பெண்களுக்கிடையிலான தலைமுறை வேறுபாடு என்று சமூகவியலில் சொல்வது இதைத்தான். ‘அந்தக் காலத்துப் பெண்கள் அடங்கிப் போனவர்கள், இந்தக் காலத்துப் பெண்கள் அடங்காதவர்கள்’ என்ற பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வயதும் தலைமுறையும் ஒன்றல்ல

கார்ல் மன்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928-ல் தலைமுறைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரே ஆண்டில் பிறந்ததால் மட்டும் சிலர் ஒரு தலைமுறை ஆகிவிடுவதில்லை, பதின்வயதின் இறுதியில் ஒரே சமூக நிகழ்வைச் சேர்ந்து எதிர்கொள்வதுதான் அவர்களை ஒரு தலைமுறையாக்குகிறது என்பது அவர் வாதம். உலகத்தைப் பற்றிய ஒருவரின் முதல் தீர்ப்புகள் அந்த வயதில்தான் உருவாகின்றன. பிறகு வருவதையெல்லாம் அவற்றை வைத்தே அளக்கிறோம்.

பெண்களின் பார்வை ஏன் வேறுபடுகிறது என்பதை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். முதலாவது வயதின் விளைவு. மருமகளாக இருந்தபோது மாமியாரின் அதிகாரத்தை எதிர்த்தவர், தானே மாமியாரானதும் அதே அதிகாரத்தை நியாயப்படுத்துகிறார். அவர் பிறந்த ஆண்டு மாறவில்லை, நிற்கும் இடம் மாறியிருக்கிறது. இரண்டாவது காலத்தின் விளைவு. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை எல்லா வயதுப் பெண்களையும் ஒரே நேரத்தில் உலுக்கியது. மூன்றாவதுதான் உண்மையான தலைமுறை விளைவு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பதின்வயதில் அதைக் கற்றவர்களுக்கு, தனியாக வெளியே போவது பற்றி முந்திய தலைமுறைக்கு இல்லாத ஒரு நிச்சயம் பிறந்தது.

மாமியார் மருமகள் சண்டையைத் தலைமுறைச் சண்டை என்று நினைப்பதுதான் இதில் அடிக்கடி நேரும் பிழை. இன்றைய மருமகள் முப்பது ஆண்டு கழித்து என்ன சொல்கிறாள் என்று பார்த்தால்தான் அது வயதா தலைமுறையா என்று தெரியும்.

இருபது வயதில் எது தீராமல் இருந்தது?

ஒரு பெண்ணின் பெண்ணியத்தைப் புரிந்துகொள்ள, அவருக்கு இருபது வயதானபோது சட்டத்திலும் தெருவிலும் எது தீராத பிரச்சினையாக இருந்தது என்று பார்ப்பது நல்ல வழி. 1948, 1972, 2002 ஆகிய ஆண்டுகளில் பிறந்த மூன்று தமிழ்ப் பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு இருபது வயதான ஆண்டுகள் 1968, 1992, 2022.

1968-ல் பெண்ணின் சட்டப்படியான திருமண வயதே 15. அது 18 ஆனது 1978-ல். சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களின் நிலை அதற்குச் சற்று முன்புவரை இன்னும் மோசம். புரோகிதரும் சடங்கும் இல்லாத அந்தத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-ல் சொல்லிவிட்டது. மேடையில் மாலை மாற்றிக்கொண்டு பத்து ஆண்டு குடும்பம் நடத்திய பெண், சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை. அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்த திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகுதான், முன்பு நடந்தவை உட்பட, அத்தகைய திருமணங்கள் செல்லுபடியாயின. மாலை மாற்றுவது, மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது, இவற்றில் ஏதேனும் ஒன்று உற்றார் முன்னிலையில் நடந்தால் போதும் என்றானது. அந்தத் தலைமுறைக்குப் பெண்ணுரிமை என்றால் படிப்பு, மறுமணம், சொத்து, சட்டம் ஏற்கும் திருமணம். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணின் சொத்துரிமைக்குத் தீர்மானம் போட்டிருந்தார்கள். நாற்பது ஆண்டு கழித்தும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை இல்லை. பாட்டியிடம் யாரும் கையெழுத்துக் கேட்காததற்கு ஒரு காரணம் அது.

1992-ல் இருபதைத் தொட்டவருக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு அது கிடையாது. 1988-ல் கல்யாணம் முடித்த அக்காவுக்கு இல்லாத உரிமை 1990-ல் கல்யாணம் முடித்த தங்கைக்கு உண்டு. ஒரே அப்பா, ஒரே நிலம். 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் இந்தப் பாகுபாட்டை நீக்கியது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இருந்திருக்க வேண்டியதில்லை. ஆக, அம்மாவுக்குச் சட்டம் கையில் இருந்தது, அதைப் பயன்படுத்தினால் பிறந்த வீட்டு உறவு போய்விடும் என்ற பயமும் கூடவே இருந்தது. அவர் தலைமுறையின் மற்ற அடையாளங்கள் மகளிர் சுயஉதவிக் குழு, 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம், வரதட்சணைக்கும் குடும்ப வன்முறைக்கும் எதிரான போராட்டம். இந்தத் தலைமுறை அரசிடம் கேட்டது, சட்டம் வாங்கியது, குழுவாக நின்றது.

2022-ல் இருபதை எட்டிய பெண்ணுக்குப் படிப்பும் வேலையும் போராடி வாங்க வேண்டியவை என்று தோன்றுவதில்லை. எல்லா வீட்டிலும் அப்படியில்லைதான், ஆனால் பேச்சுக்கான தொடக்கம் அங்கே வந்துவிட்டது. அவள் கேள்விகள் உடலையும் சம்மதத்தையும் அடையாளத்தையும் சுற்றியவை. மணமான பெண்ணுக்குச் சட்டம் தரும் கருக்கலைப்பு உரிமை மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு ‘பெண்’ என்ற சொல்லை, கருக்கலைப்பு தேவைப்படக்கூடிய, பெண்ணாகத் தன்னை உணராதவர்களையும் உள்ளடக்கித்தான் பயன்படுத்துவதாகச் சொன்னது. பெண் யார் என்ற கேள்வி சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

சொற்களிலும் இந்த மாற்றத்தைக் கேட்கலாம். 1917-ல் அடையாற்றில் தொடங்கியது இந்திய மாதர் சங்கம். 1981-ல் சென்னையில் உருவானதும் ஜனநாயக மாதர் சங்கம்தான். அரசுத் திட்டங்களுக்கு ‘மகளிர்’ என்ற பெயர். ‘பெண் விடுதலை’ மேடைச் சொல், ‘பெண்ணியம்’ பல்கலைக்கழகமும் சிறுபத்திரிகையும் பரப்பிய சொல், இன்ஸ்டாகிராமில் புழங்குவது ‘ஃபெமினிசம்’. “நான் ஃபெமினிஸ்ட் எல்லாம் இல்ல” என்று சொல்லும் அறுபது வயதுக்காரர் மகளுக்குச் சமச்சொத்து எழுதி வைத்திருப்பார். அவர் மறுப்பது சொல்லை.

மேற்கில் இந்த வரலாற்றை ‘அலை’ என்று எண்ணுவார்கள்: வாக்குரிமை முதல் அலை, 1960-களுக்குப் பின் வேலை, குடும்பம், உடல் இரண்டாம் அலை, 1990-களில் மூன்றாவது. அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்டக்கூடாது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு (சொத்துத் தகுதியோடு) வாக்குரிமை 1921-லேயே வந்துவிட்டது. திருமணம், கருத்தடை, கற்பு பற்றிய கேள்விகளும் அதே பத்தாண்டில் எழுந்தன. அங்கே இரண்டாவது அலையில் வந்தது இங்கே முதலாவதோடு கலந்தே வந்தது.

வழக்கா, பட்டியலா: 2017

இந்தியப் பெண்ணியத்துக்குள் தலைமுறை வேறுபாடு வெளிப்படையாக வெடித்தது 2017 அக்டோபரில். பல்கலைக்கழகங்களில் பாலியல் சீண்டல் செய்ததாகப் பேராசிரியர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று ஃபேஸ்புக்கில் வெளியானது. புகார் கொடுத்தவர்களின் பெயரும் விவரமும் அதில் இல்லை. மூத்த பெண்ணியர் சிலர் அதைத் திரும்பப் பெறச் சொல்லி அறிக்கை விட்டார்கள். இளம் பெண்கள் கொதித்துப் போனார்கள்.

மூத்தவர்களின் கோபத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. காவல் நிலையத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மதுரா என்ற பழங்குடிப் பெண்ணின் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்ததை எதிர்த்துத்தான் 1983-ன் சட்டத் திருத்தத்தைப் பெற்றார்கள். ராஜஸ்தானில் பன்வாரி தேவிக்கு 1992-ல் நேர்ந்த கொடுமையிலிருந்து பணியிடப் பாலியல் சீண்டலுக்கு எதிரான 1997-ன் விசாகா நெறிமுறைகள் பிறந்தன, அவை 2013-ல் சட்டமாயின. அந்த முறைமையைக் கட்ட முப்பது ஆண்டு உழைத்தவர்களுக்கு, புகார் கொடுத்தவர் யார் என்றே தெரியாத பட்டியல் தங்கள் உழைப்பின் அடித்தளத்தையே அசைப்பதாகத் தோன்றியது.

இளையவர்கள் அந்த முறைமையின் உள்ளே வளர்ந்தவர்கள். அது எங்கே பழுதாகிறது என்று அவர்களுக்குத் தெரியும். 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். ஒரு ஆய்வு மாணவியின் நிலையில் நின்று பாருங்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரே சீண்டியவர் என்றால், பட்டம் கைக்கு வரும்வரை வாய் திறக்க முடியாது. அதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம், புகார் தரவோ அதிகபட்சம் ஆறு மாதம்.

இதை வயதுக் கணக்கில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பட்டியலைத் தொகுத்தவர் தலித் சட்ட மாணவர், எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களில் பலர் நிறுவனங்களில் இடம்பெற்ற ஆதிக்க சாதிப் பெண்கள் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. இனம், பால் போன்ற ஒடுக்குமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைச் சுட்ட 1989-ல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா ஒரு கருத்தாக்கத்தை உருவாக்கினார். தமிழில் அதைக் குறுக்குவெட்டுப் பார்வை என்கிறார்கள், இங்கே சாதியும் அதில் சேரும். தலைமுறைச் சண்டை என்று தோன்றும் எதிலும், வயதைத் தாண்டி இன்னொரு கோடு ஓடுகிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

பால், பாலினம், பாலின அடையாளம்

வீட்டுக்குள் பேச்சு மிகவும் சிக்கிக்கொள்வது இங்கேதான், பெரும்பாலும் சொற்குழப்பத்தால். பால் என்பது உடல் சார்ந்தது: பிறப்புறுப்பு, குரோமோசோம், ஹார்மோன். ஆண் என்றோ பெண் என்றோ தெளிவாகச் சொல்ல முடியாத உடலோடு பிறப்பவர்கள் ஊடுபால் மனிதர்கள். பாலினம் என்பது அந்த உடலின் மேல் சமூகம் ஏற்றி வைக்கும் நடை, உடை, வேலை, எதிர்பார்ப்பு. பாலின அடையாளம் என்பது ஒருவர் தன்னை உள்ளூர யாராக உணர்கிறார் என்பது. யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பது வேறு விஷயம், அது பாலீர்ப்பு. கடைசி இரண்டையும் கலப்பதுதான் பெரிய குழப்பம். தன்னைப் பெண்ணாக உணர்வதும் ஆணை விரும்புவதும் ஒன்றல்ல. திருநங்கை ஒருவர் ஆணையோ பெண்ணையோ விரும்பலாம், யாரையும் விரும்பாமலும் இருக்கலாம்.

தமிழ் இலக்கணத்தில் பால் ஐந்து: ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். ஆண்மை திரிந்த பெயரால் குறிக்கப்படுபவரைப் பற்றிப் பேசும்போது வினைமுற்று எப்படி வரவேண்டும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடக்கத்திலேயே விதி சொல்கிறது. எனவே ‘இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தது’ என்ற வாதம் நிற்காது.

புதியது சட்ட ஏற்பு. தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் 2008-ல் அமைந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பு (நல்சா வழக்கு), தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. 2021 ஜூனில் அதே உயர் நீதிமன்றம் பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை சொன்னது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்), பால்புதுமையர் (பாலீர்ப்பிலோ பாலின அடையாளத்திலோ வழக்கமான வகைகளில் அடங்காதவர்கள்), ஊடுபால் போன்ற மரியாதைச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

பெண்கள் எங்கே வேறுபடுகிறார்கள்?

மூத்த பெண்கள் எல்லாம் எதிர்ப்பவர்கள், இளையவர்கள் எல்லாம் ஏற்பவர்கள் என்ற சித்திரம் தவறு. கூவாகம் திருவிழாவைத் தெரிந்த, கடைத்தெருவில் ஆசீர்வாதம் வாங்கிப் பழகிய பாட்டிக்குத் திருநங்கை புதியவர் அல்ல. ஆனால் அவர் மனத்தில் திருநங்கைக்குத் தனி இடம் உண்டு. தெய்வத்தன்மை, வாக்குப் பலித்தல் எல்லாம் அங்கே இருக்கும். ‘பெண்’ என்ற இடத்தில் அவரை வைக்கச் சொன்னால் தயங்குவார். பேத்தி ‘திருநங்கையும் பெண்தான்’ என்று உறுதியாகச் சொல்வாள். அவள் கற்ற சொற்கள் சரியானவைதான், ஒரு திருநங்கையோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசிய அனுபவம் பாட்டிக்குக் கூடுதலாக இருக்கலாம். இரண்டும் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

திருநம்பி விஷயத்தில் நிலைமை தலைகீழ். பெண்ணாக வளர்க்கப்பட்ட பிள்ளை ‘நான் ஆண்’ என்று சொன்னால், அதைப் புரிந்துகொள்ளப் பாட்டிக்குத் திருவிழாவும் இல்லை, கதையும் இல்லை. கல்யாணத்திலிருந்து தப்பிக்கும் வழி என்றே குடும்பம் எடுத்துக்கொள்ளும். அதனால் திருநம்பிகள் மீதான வீட்டுக் காவலும் கட்டாயக் கல்யாணமும் வெளியே தெரியாமல் போகின்றன.

நடுத் தலைமுறைப் பெண்ணியரில் சிலருக்கு இருப்பது வேறு கவலை. இட ஒதுக்கீடு, கழிப்பறை, புள்ளிவிவரம் எல்லாம் ‘பெண்’ என்ற வகையின் பெயரில் வாங்கியவை. அந்த வகையின் எல்லை தளர்ந்தால் என்னவாகும்? பிரிட்டனில் இந்தக் கேள்வி பெண்ணியரை இரண்டாகப் பிளந்தது. சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது உடல் சார்ந்த பாலைக் குறிக்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அங்கே நடக்கும் சண்டையை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு இங்கே அதே வசனத்தைப் பேசுவது பயன்படாது, ஏனென்றால் இங்கே திருநர் இயக்கம் கேட்பது கிடைமட்ட இட ஒதுக்கீடு. ஒவ்வொரு சாதிப் பிரிவின் ஒதுக்கீட்டுக்குள்ளும் திருநருக்குத் தனி விழுக்காடு என்று அதற்குப் பொருள். கர்நாடகம் 2021-ல் அரசு வேலையில் 1 விழுக்காடு அப்படிக் கொடுத்தது. இந்த வழியில் பெண்களின் பங்கு பெரிதாகக் குறையாது. 2021-ல் தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்து, சில வாரங்களில் அது திருநருக்கும் நீட்டிக்கப்பட்டபோது, எந்தப் பெண்ணின் இருக்கையும் பறிபோகவில்லை.

கணக்கெடுப்பை எப்படிப் படிப்பது?

‘இளம் பெண்கள் மாறிவிட்டார்கள்’ என்ற தலைப்போடு செய்தி வந்தால் மூன்றைப் பாருங்கள்: கேள்வியின் சொல், யாரிடம் கேட்டார்கள், ஒருமுறை கேட்டார்களா பலமுறையா. ஒரே ஒரு கணக்கெடுப்பை வைத்து வயதையும் தலைமுறையையும் பிரிக்கவே முடியாது. குறைந்தது பத்திருபது ஆண்டு இடைவெளியில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வியின் சொல்லுக்குத் தேசியக் குடும்ப நல ஆய்வு நல்ல உதாரணம். ‘கணவன் அடிப்பது சரியா?’ என்று அது மொத்தமாகக் கேட்பதில்லை. சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், உடலுறவுக்கு மறுத்தால், சமையல் சரியில்லை என்றால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என ஏழு சூழல்களைத் தனித்தனியாகக் கேட்கும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் ‘நியாயப்படுத்துபவர்’ கணக்கில் சேரும். மொத்தமாகக் கேட்டால் ‘தப்பு’ என்பவர்கள், மாமியாரை மதிக்காத மருமகள் என்றதும் தடுமாறுவார்கள்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை இந்தியாவில் 29,999 பேரிடம் பேசியது. மனைவி எப்போதும் கணவன் சொல் கேட்க வேண்டும் என்பதைப் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஏற்றார்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையில் பெரிய இடைவெளி இல்லை, 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் மூத்தவர்களும்கூட அதிகம் விலகவில்லை. சென்னை, கோவைக் கல்லூரி வளாகத்தில் கேட்கும் குரலை ஒரு தலைமுறையின் குரலாக எடுத்துக்கொண்டால் இந்த எண் புரியாது.

வீட்டில் பேசும்போது

“நீ பெண்ணியவாதியா?” என்று கேட்டால் பேச்சு அங்கேயே செத்துவிடும். “உனக்கு இருபது வயசுல எதைச் செய்ய விடலை?” என்று கேளுங்கள். பாட்டியோ அம்மாவோ பதிலைத் தேட வேண்டியிருக்காது. மகளிடம் கேட்க வேண்டியது, “இப்ப எதை யார்கிட்டயும் சொல்ல முடியலை?”

விளிப்பில் தமிழ் ஒரு வசதியைத் தருகிறது. ஆங்கிலத்தில் பாலினம் காட்டாத பிரதிப்பெயருக்குப் பெரிய விவாதமே நடக்கிறது, நமக்கு ‘அவங்க வந்தாங்க’ என்றால் முடிந்தது. அதில் மரியாதையும் இருக்கிறது. சிக்கல் வருவது உறவுமுறையில், அக்காவா, அண்ணனா என்று. தெரியாவிட்டால் “உங்களை எப்படிக் கூப்பிடணும்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். பாட்டி பழக்கத்தில் ‘வந்தான்’ என்று சொல்லிவிட்டால், பேத்தி அதே வாக்கியத்தை ‘வந்தாங்க’ என்று முடித்துத் தொடரலாம். எல்லார் முன்னாலும் திருத்தி அவமானப்படுத்தினால், பாட்டி அடுத்த முறை அந்த நண்பரைப் பற்றிப் பேசவே மாட்டார்.

அந்தப் பத்திரத்துக்கு வருவோம். கையெழுத்துக்கு முன் அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியவை சில உண்டு. சொத்து பூர்வீகமா, தாத்தா தானே சம்பாதித்ததா? 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பின் மூலமோ பாகப்பிரிவினை ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் 2005-ன் திருத்தம் அதைத் தொடாது. விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக ஏதேனும் தொகை தருகிறார்களா, தந்தால் அது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? பதிவான பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாக நிரூபிக்க வேண்டும், அதற்கும் காலவரம்பு உண்டு. எல்லாம் தெரிந்த பிறகும் அம்மா அண்ணனுக்கே கொடுக்க நினைக்கலாம். அப்போது மகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது: முழுப் பங்கையும் விடாமல், ஒரு சென்ட் மனையாவது தன் பெயரில் வைத்துக்கொண்டு மீதியை விட்டுக்கொடுக்க அம்மாவுக்குச் சம்மதமா?